குடல் அழற்சி நோய்: போக்கும் மருந்துப் பலனும் கணித்தல்

குரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ஆகியவை யாருக்கு முற்றும், எந்த மருந்து யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டி மதிப்பிடும் முயற்சி. புதுக்கோட்டை போன்ற மாவட்டத்தில் முதல் கேள்வியே வேறு: இது குரோனா, குடல் காசநோயா? இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஐயம் தீராதபோது காசநோய் மருந்து கொடுத்து, இரண்டு மூன்று மாதங்களில் புண் ஆறுகிறதா என்று கொலனோஸ்கோப்பியில் பார்ப்பது இந்திய வழக்கம். காசநோய் இல்லை என்று உறுதிசெய்யாமல், நோயெதிர்ப்பை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி போடுவது ஆபத்து.

நோயெதிர்ப்பை அடக்கும் மற்றொரு மருந்தான அசத்தயோபிரின் மாத்திரையின் பக்கவிளைவுக்கு மரபணுவே முன்னறிவிப்பு. என்.யு.டி.டி.15 மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு வெள்ளணுக்கள் சரியக்கூடும். அதற்கு முன்பே முடி கொத்தாகக் கொட்டலாம். 2014இல் கொரியர்களிடம் கண்டறியப்பட்ட இம்மாற்றம் இந்தியர்களிடமும் பரவலாக உண்டு. ஐரோப்பியருக்காக வகுத்த டி.பி.எம்.டி. மரபணுச் சோதனை மட்டும் நமக்குப் போதாது.

கடும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் எளிய கணக்கே இன்றும் நிற்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு அளவுகோல் (1996): ஸ்டீராய்டு தொடங்கிய மூன்றாம் நாளும் எட்டு முறைக்கு மேல் வயிற்றுப்போக்கு, அல்லது மூன்று முதல் எட்டு முறையுடன் சி.ஆர்.பி. (இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதம்) 45க்கு மேல் இருந்தால், 85 சதவீதத்தினருக்குப் பெருங்குடல் அறுவை தேவைப்பட்டது.

குரோன் நோயிலோ, பிரிட்டனின் ‘புரொஃபைல்’ ஆய்வில் (2024) இரத்த மரபணுக் குறியீடு பயன் தரவில்லை. தொடக்கத்திலேயே வலுவான மருந்து கொடுத்ததுதான் பலித்தது.