கடத்தப்பட்ட மாணவிகளை மீட்க விமானப்படை எந்த அளவுக்கு உதவும்? நைஜீரிய அனுபவம்

நைஜீரியாவில் பள்ளி மாணவர்கள் கடத்தப்படும்போது உடனடியாக எழும் கோரிக்கை, விமானங்களை அனுப்பித் தேட வேண்டும் என்பதே. ஆனால் சிபோக் மாணவிகளில் பெரும் குழுக்களாக வீடு திரும்பியவர்களை மீட்டது விமானங்கள் அல்ல, பேச்சுவார்த்தையே.

போர்னோ மாநிலத்தின் சிபோக் நகர அரசு மகளிர் பள்ளி விடுதியிலிருந்து 2014 ஏப்ரல் 14ஆம் தேதி இரவு 276 மாணவிகளை போகோ ஹராம் பயங்கரவாதிகள் லாரிகளில் ஏற்றிச் சென்றனர். அவர்களில் 57 பேர் விரைவில் தப்பினர். எஞ்சிய 219 பேர் சம்பிசா காட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டதாக நம்பப்பட்டது.

சாலையில் செல்லும் வாகன வரிசையை வானிலிருந்து கண்டறிவது எளிது. அந்த வாய்ப்பு முதல் சில மணி நேரத்துக்கு மட்டுமே உண்டு. சிபோக்கில் அது கைநழுவியது. அண்டை நாடான சாட்டில் சுமார் 80 வீரர்களுடன் ஆளில்லா விமானத்தை அமெரிக்கா நிறுத்தியதும், பிரிட்டன் தனது சென்டினல் ரேடார் விமானத்தை அனுப்பியதும் மே மாதத்தில்தான்.

சம்பிசாவின் பெரும்பகுதி முள்மரங்களும் புதர்களும் நிறைந்த நிலம். வெப்பத்தை உணரும் கருவிகளால் அங்கு மனித நடமாட்டத்தை அறிய இயலும். எனினும், திரையில் தெரியும் உருவம் மாணவியா, காவல் நிற்கும் ஆயுததாரியா என்று பிரித்தறிவது கடினம். மாணவிகள் சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டால் சிக்கல் மேலும் கூடும். ஓரிடத்தில் தாக்குதல் நடந்தால், மற்ற இடங்களில் இருப்போரின் உயிருக்கு ஆபத்து.

மாணவிகள் இருக்குமிடம் தெரியும் என்றும், ஆனால் பலத்தைப் பிரயோகித்தால் அவர்களே உயிரிழக்க நேரிடும் என்றும் அந்த மே மாத இறுதியில் முப்படைத் தலைமைத் தளபதி அலெக்ஸ் பதே கூறினார். அவர் விமானப்படைத் தளபதியாக இருந்தவர் என்பதால் அக்கூற்று கூடுதல் கவனம் பெற்றது. விமானத் தாக்குதல்களில் மாணவிகள் சிலர் உயிரிழந்ததாக 2016 ஆகஸ்டில் வெளியிட்ட காணொலியில் போகோ ஹராம் கூறியது. அது பிரசாரமாகவே இருக்கலாம். ஆனால் அச்சத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. 2017 ஜனவரி 17ஆம் தேதி ரான் நகரில் அகதிகள் முகாம் மீது நைஜீரிய விமானப்படை தவறுதலாகக் குண்டு வீசியதில் 100க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

செஞ்சிலுவைச் சங்கம், சுவிட்சர்லாந்து ஆகியவற்றின் உதவியுடன் நடந்த பேச்சுவார்த்தையின் பலனாக 2016 அக்டோபரில் 21 பேரும், 2017 மே மாதத்தில் 82 பேரும் விடுவிக்கப்பட்டனர். 82 பேருக்கு ஈடாகச் சிறையில் இருந்த போகோ ஹராம் தளபதிகள் சிலரை அரசு விடுவித்தது. அதன் பிறகே மாணவிகளைத் தலைநகர் அபுஜாவுக்கு அழைத்துவரும் பணி விமானங்களுக்குக் கிட்டியது.

2018 பிப்ரவரி 19ஆம் தேதி டாப்ச்சி நகரில் 110 மாணவிகள் கடத்தப்பட்டபோது நிலைமை தலைகீழானது. மாணவிகள் பத்திரமாகத் திரும்புவதற்காக ராணுவ நடவடிக்கைகள் நிறுத்திவைக்கப்பட்டதாக அரசே அறிவித்தது. மார்ச் 21ஆம் தேதி 100க்கும் மேற்பட்ட மாணவிகளைப் பயங்கரவாதிகளே வாகனங்களில் ஊருக்குள் கொண்டுவந்து இறக்கிவிட்டுச் சென்றனர்.

சிபோக் கடத்தலின் பத்தாம் ஆண்டான 2024 ஏப்ரலிலும் அப்பள்ளியின் 80க்கும் மேற்பட்ட மாணவிகள் வீடு திரும்பவில்லை.