மடத்திலிருந்து கல்லூரிக்கு

தனியார் கல்லூரி ஒன்றில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின் நாம் அரசுக் கல்லூரிக்கு மாறியபோது நண்பர்கள் அனைவரும் வாழ்த்தினார்கள். விடைபெறச் சென்ற இடத்தில் பழைய தாளாளர் மட்டும், "இங்கே உங்களுக்கு என்ன குறை வைத்தோம்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவர் வருத்தமாகக் கேட்டார். அக்கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இல்லை. பின்னொரு நாள் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நூலை மீண்டும் படிக்கையில், இதே சங்கடத்தை 1880ஆம் ஆண்டிலேயே ஒருவர் கடந்து போயிருப்பதைக் கண்டோம்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தபின், சாமிநாதையரை ஆதரித்தவர் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர். குடியிருக்க வீடு, குடும்பத்துக்கு வேண்டிய பொருள், பாடம் சொல்ல மாணவர்கள், கேட்டு மகிழ அறிஞர் அவை என எல்லாம் அங்கே இருந்தன. மடத்தைத் தனியார் நிறுவனம் என்று சொல்வது பொருந்தாதுதான். ஆயினும் ஒருவரது வாழ்வு கொடுப்பவரின் உள்ளத்தைச் சார்ந்து நிற்பதற்கும், எழுதிவைத்த விதியைச் சார்ந்து நிற்பதற்கும் உள்ள வேறுபாடு அங்கும் உண்டு. தேசிகரின் அன்பு பெரியது. ஆனால் அது தேசிகரின் அன்பு. அடுத்து வருபவரும் அவ்வாறே இருப்பார் என்பதற்கு உறுதி ஏது?

கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்த தியாகராச செட்டியாரும் மகாவித்துவானின் மாணவரே. அவர் பணியிலிருந்து விலகும் வேளையில் தம் இடத்துக்குச் சாமிநாதையரைத் தேர்ந்தார். தேசிகருக்கோ அவரை அனுப்ப மனமில்லை. செட்டியார் வற்புறுத்திய பிறகே இசைந்தார்; இசைந்தபின் மனமார வாழ்த்தி அனுப்பினார். 1880 பிப்ரவரியில், 25 வயது நிரம்பும் தறுவாயில், மாதம் 50 ரூபாய் ஊதியத்தில் சாமிநாதையர் அரசுப் பணியில் அமர்ந்தார்.

இந்த மாற்றத்தால் அவர் பெற்றது நிலையான ஊதியம் மட்டுமென்றால் இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் சந்தித்தார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவ, அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் கோவைகளுமாகத் தாம் கற்றவற்றையெல்லாம் ஐயர் அடுக்கினார். முதலியார் வியக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்பதே அவர் கேள்வி. மடத்தின் அவையில் இக்கேள்வி எழுந்திருக்காது. அங்கே பெருமையாக இருந்த படிப்பு, ஓர் அரசு அலுவலரின் வீட்டில் ஒரே பொழுதில் போதாததாகிவிட்டது. சிந்தாமணியின் சமணக் கருத்துகளில் ஐயம் நேர்ந்தபோது தீர்த்துவைத்த சமணர்களும் கும்பகோணத்திலேயே இருந்தார்கள். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் வெளிவந்தன.

அதற்காக அரசாங்கமே இவற்றைத் தந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆங்கிலப் பேராசிரியர்களின் ஊதியத்தருகே தமிழ்ப் பண்டிதரின் ஊதியத்தை வைத்துப் பார்க்கவும் இயலாத காலம் அது. அச்சுச் செலவை அந்த 50 ரூபாய் தாங்காது. சிந்தாமணிக்காக ஐயர் முன்கூட்டியே கையொப்பம் திரட்ட வேண்டியிருந்தது. ஏடுகளுக்கோ மீண்டும் திருவாவடுதுறைக்கே சென்றார். விட்டுவந்த மடம் கதவை அடைக்கவில்லை. அவரும் அவ்வாசலை மறக்கவில்லை. விடுமுறை நாட்களில் தேசிகரைக் காணச் சென்றுவந்தார். 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி, 1919இல் ஓய்வு பெற்றார். முதுமையில் தம் வரலாற்றை எழுத உட்கார்ந்தபோது, ஊதியம் தந்த அரசாங்கத்தைவிடச் சோறிட்டுக் கல்வி தந்த மடத்துக்கே கூடுதலாகப் பக்கங்களை ஒதுக்கினார்.

இன்று நம் மாணவர்களிடம் எதிர்காலத் திட்டம் என்னவென்று கேட்டால் பாதிப்பேர் அரசு வேலை என்கிறார்கள். அதில் குறை காண நமக்குத் தகுதியில்லை. நாமும் அவ்வழியே வந்தவர்கள். முதல் தேதியில் ஊதியம் உறுதி என்றானபின் மனம் அடையும் அமைதி சிறிதன்று. அந்த அமைதியை முதலாக வைத்து என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி. சாமிநாதையர் பணியில் சேர்ந்த எட்டே மாதத்தில் முதலியாரின் கேள்வி அவரை அசைத்தது; அவரும் அசைய இடம் கொடுத்தார்.

தாளாளருக்கு இப்போது விடை சொல்லலாம் என்று தோன்றுகிறது. குறை ஒன்றும் வைக்கவில்லை, ஐயா. குறையில்லாத இடத்திலிருந்தும் ஒருவர் கிளம்ப வேண்டியிருக்கிறது. கிளம்பி வந்து இத்தனை ஆண்டுகளில் என்ன செய்தாய் என்று அவர் அடுத்துக் கேட்டால்தான் நாம் மறுபடியும் மௌனமாக நிற்க வேண்டியிருக்கும்.