சேலம் உப்புக் குறவர்: காவல்துறை எழுதிய இனவரைவியல்

தமிழ்நாட்டுச் சீர்மரபினர் பட்டியலில் ‘சேலம் உப்புக் குறவர்’ என்றொரு பதிவு உண்டு. சேலம், நாமக்கல் மாவட்டங்களுக்கு மட்டுமே உரிய பதிவு அது. சேலம் மேல்நாட்டுக் குறவர், ஆத்தூர் மேல்நாட்டுக் குறவர், ஆத்தூர் கீழ்நாட்டுக் குறவர் ஆகிய பெயர்களும் அதே பட்டியலில் உள்ளன. ஆங்கிலேயர் ஆட்சி ‘குற்றப் பரம்பரை’ என்று முத்திரை குத்தி, விடுதலைக்குப் பின் அந்த முத்திரை நீக்கப்பட்ட சமூகங்களின் பட்டியல் இது. உப்பு விற்றுப் பிழைத்தவர்கள் அதற்குள் எப்படி வந்தார்கள்?

ஆய்வாளர் மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளியிட்ட நூல் இக்கேள்விக்கு விரிவாக விடை சொல்கிறது. கடற்கரை அளங்களில் உப்பை வாங்கி, மாட்டின் முதுகிலும் கழுதையின் முதுகிலும் பொதி ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுவந்தவர்கள் குறவர்கள். திரும்பும்போது தானியம் ஏற்றிச் செல்வார்கள். வண்டித்தடமே இல்லாத ஊர்களுக்கு உப்பு போய்ச் சேர்ந்தது இப்படித்தான். 1860களில் சேலம் வழியாக ரயில் ஓடத் தொடங்கியது. மொத்த உப்பும் ரயிலேறிப் போனது. அரசின் உப்பு ஏகபோகம் சிறு வியாபாரியை மேலும் நெருக்கியது. அதன்மேல் 1876–78இன் தாது வருடப் பஞ்சம். 1871இல் ஏறத்தாழ இருபது இலட்சமாக இருந்த பழைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1881இல் பதினாறு இலட்சமாகச் சரிந்தது. பொதிமாடுகள் இல்லாமல் போனவர்களுக்குக் கூடை முடைதல் என்ற துணைத்தொழில் மிச்சமிருந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் மூங்கிலுக்கும் மேய்ச்சலுக்கும் தடை போட்டு அதையும் கடினமாக்கிற்று.

குறவர் பற்றிய ஆங்கில எழுத்து பெருகியது இந்தச் சரிவுக்குப் பிறகுதான். 1892இல் காவல் அதிகாரி முல்லாலி சென்னை மாகாணக் ‘குற்ற வகுப்பார்’ பற்றிக் குறிப்புகள் வெளியிட்டார். 1905இல் மற்றொரு காவல் அதிகாரியான பாப்பாராவ் நாயுடு குறவர்களைப் பற்றியே தனி நூல் எழுதினார். 1909இல் எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள் வந்தன; காவல் அதிகாரிகள் எழுதியவை அவற்றில் மானிடவியல் சான்றுகளாக இடம்பெற்றன. தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவர். காவலர்களுக்கு உடலளவையியல் பயிற்சி கொடுத்தவரும் அவரே. காவல் நிலையத்திலிருந்து கிளம்பிய செய்தி அருங்காட்சியகத்தின் வழியாக மறுபடி காவல் நிலையத்துக்கே வந்தது, இம்முறை ‘அறிவியல்’ என்ற பட்டத்தோடு. 1911இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. பதிவு, கைரேகை, காவலர் முன் ஆஜராதல், ஊர் தாண்டப் போனால் சீட்டு என்று ஒரு சமூகத்தின் அன்றாடமே மாறிப்போனது.

குறவர்களில் ஒருவர்கூடத் திருடவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிழைப்பை இழந்த எந்தக் கூட்டத்திலும் திருடியவர்கள் இருந்திருப்பார்கள். சிக்கல் மாதிரியெடுப்பில் இருக்கிறது. முல்லாலியும் நாயுடுவும் தொழில்ரீதியாகச் சந்தித்த குறவர்கள் பெரும்பாலும் பிடிபட்டவர்களும் சந்தேகத்துக்கு ஆளானவர்களுமே. சந்தையில் கூடை விற்றவரும் ஊர்க்களத்தில் கூலிக்குப் போனவரும் அவர்கள் கோப்புகளுக்குள் வர வழியில்லை. சிறைச்சாலையில் மட்டும் கணக்கெடுத்தால் எந்தச் சாதியும் குற்றச் சாதியாகத்தான் தெரியும். அந்த நூல்களில் பொய் உண்டா இல்லையா என்பதைவிட, கதை எங்கிருந்து தொடங்கப்பட்டது என்பதே இங்கு முக்கியம். உப்புப் பொதியில் தொடங்கினால் அது தொழிலழிவின் வரலாறு. கன்னக்கோலில் தொடங்கினால் பிறவிக் குணத்தின் வரலாறு.

பழியை ஆங்கிலேயர்மீது மட்டும் போட்டுவிட்டுத் தமிழர்கள் கை கழுவிக்கொள்ள முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சி உள்ளிட்ட குறவஞ்சி நூல்கள் குறத்தியைக் குறிசொல்பவளாகவே நிறுத்தின. இலக்கியத்தில் அது கம்பீரமான பாத்திரம். திருவிழா மேடைகளின் ‘குறவன் குறத்தி ஆட்ட’த்தில் அவளே ஆபாசப் பேச்சுக்கான வேடமாகிப் போனாள். சமூகத்தினர் நீதிமன்றம் சென்ற பிறகு, 2023இல் தமிழ்நாடு அரசு அந்த ஆட்டத்துக்குத் தடை விதித்தது. தடை தேவையானது, ஆனால் அழித்த படத்தின் இடத்தில் வேறு படம் எதுவும் வைக்கப்படவில்லை.

நல்லெண்ணமும் சில சமயம் குறவரை மறைக்கும் வேலையைச் செய்துவிடுகிறது. 1993இல் இன்றைய கடலூர் மாவட்டத்து முதனையைச் சேர்ந்த குறவர் ஒருவர் திருட்டுப் புகாரின் பேரில் பிடிக்கப்பட்டுக் காவலில் கொல்லப்பட்டார். அந்த வழக்கைத் தழுவிய ‘ஜெய்பீம்’ (2021) திரைப்படம் அவரை இருளராகக் காட்டியது. இருளரின் துயரமும் உண்மையானதே. எனினும் ‘திருட்டு’ என்றவுடன் காவல்துறை குறவர் குடிசையைத் தேடிப்போகும் நூற்றாண்டுப் பழக்கம் திரைக்கு வராமல் போய்விட்டது.

குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் ஒழிந்தது. தர்ஸ்டனின் தொகுதிகளோ தமிழாக்கம் பெற்று இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. முனைவர் பட்ட ஆய்வுகளில் அவை வரும் இடங்களில், இன்ன செய்தி எந்தக் காவல் அதிகாரியிடமிருந்து பெறப்பட்டது என்ற அடிக்குறிப்பையாவது நெறியாளர்கள் கட்டாயமாக்க வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்திலுள்ள உப்பு, ரயில்வே, வன நிர்வாகப் பதிவுகளைக் குறவர் வரலாற்றுக்காக வாசிக்க வேண்டும். ஆத்தூர், நாமக்கல் பகுதிக் குறவர் குடும்பங்களின் முதியோர் நினைவுகளைச் சேலம் பெரியார் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்கள் இப்போதே பதிவுசெய்ய வேண்டும்.