வெப்ப எக்கியும் கடலோரச் சென்னையும்

வெப்ப எக்கி என்பது ஓரிடத்தில் உள்ள வெப்பத்தை எடுத்து வேறோரிடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் இயந்திரம். 'ஹீட் பம்ப்' என்று கடைகளில் சொல்லப்படுவது இதுவே. குளிர் நாடுகளில் வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவர இதைப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊரில் வீட்டு வெப்பத்தை வெளியே தள்ளப் பயன்படுத்துகிறோம். ஃபிரிட்ஜ், ஏ.சி., அண்மைக்காலமாக விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் காணப்படும் 'ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர்' எல்லாம் இந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர்களின் பெயர்கள் பாடநூல்களில் உள்ளன. ஆனால் கண்டுபிடிப்பு மட்டும் ஒரு வீட்டைக் குளிர்விப்பதில்லை. தொழிற்சாலையிலிருந்து வருவது பாதி இயந்திரம்தான். சுவரில் பொருத்தி, குழாய் இணைத்து, பழுது நீக்கி ஓட வைப்பவர்தான் அதை முழுமையாக்குகிறார். உப்புக் காற்று வீசும் கடலோர நகரத்தில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். சென்னையின் கதையைக் கொண்டு இக்கட்டுரை அதை விளக்குகிறது.

வெப்பத்தை இறைத்தல்

தண்ணீர் தானாக மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். கிணற்றிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டுமானால் மோட்டார் வேண்டும். வெப்பமும் அப்படித்தான். சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத் தானாகப் போகும். குளிர்ந்த அறையிலிருந்து சூடான தெருவுக்கு அதை அனுப்ப வேண்டுமானால் இறைக்க வேண்டும்.

இறைக்கும் வேலையைச் செய்வது ஒரு குளிர்பொருள். மெக்கானிக்குகள் இதைக் 'கேஸ்' என்பார்கள். அறைக்குள் உள்ள கூலிங் காயிலில் அது திரவ நிலையிலிருந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்தி மேலும் சூடாக்குகிறது. வெளியே உள்ள கண்டன்சரில் அது வெப்பத்தைக் காற்றில் விட்டுவிட்டு மீண்டும் திரவமாகிறது. பிறகு ஒரு குறுகலான வழியாக அழுத்தம் குறைந்து பழையபடி கூலிங் காயிலுக்கு வருகிறது. இந்தச் சுற்று மூடிய சுற்று. கேஸ் எரிவதுமில்லை, செலவாவதுமில்லை. இதை நினைவில் வைத்தால் பழுதுபார்ப்பு பற்றிப் பின்னால் வருவது எளிதில் விளங்கும்.

ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு இவ்வியந்திரம் ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பத்தை இடம் மாற்றிவிடும். அதனால்தான் கம்பிச் சுருளில் நேரடியாகச் சூடேற்றும் சாதாரண கீசரைவிட, வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்து நீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் சிக்கனமானது. ஆண்டு முழுவதும் வெப்பமான சென்னைக் காற்று அதற்கு மிக வசதி.

கப்பலில் வந்த குளிர்

இயந்திரம் வருவதற்கு முன் சென்னையில் வெயிலைத் தணித்தவை ஓட்டுக்கூரை, முற்றம், திண்ணை, வெட்டிவேர்த் தட்டி, மண்பானைத் தண்ணீர் ஆகியவை. வெள்ளைக்கார அதிகாரிகளின் வீடுகளில் ஆள் இழுக்கும் பங்கா இருந்தது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் ஃபிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் மாசசூசெட்ஸ் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து வெப்ப நாடுகளுக்கு அனுப்பி விற்றவர். 1833ஆம் ஆண்டு மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனிலிருந்து கிளம்பியது. செப்டம்பரில் அது கல்கத்தா வந்து சேர்ந்தபோது ஏறத்தாழ 100 டன் கரையாமல் இருந்தது. பிறகு பம்பாய்க்கும் சென்னைக்கும் இவ்வணிகம் பரவியது. 1842இல் சென்னைக் கடற்கரையில் பனிக்கட்டியைச் சேமித்து வைக்க ஒரு கட்டடம் எழுந்தது. அதுதான் ஐஸ் ஹவுஸ். மூன்று நகரங்களிலும் இருந்த பனிக்கட்டிக் கிடங்குகளில் இன்று எஞ்சி நிற்பது இது ஒன்றுதான்.

அப்போது சென்னையில் துறைமுகம் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும்; அலைகளைத் தாண்டிச் சரக்கைக் கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். ஆக, சென்னைக்கு வந்த முதல் 'குளிர்' கூட உள்ளூர்த் தொழிலாளர்களின் கை படாமல் வீடுகளுக்குள் போகவில்லை.

1870களில் சென்னையிலேயே நீராவி இயந்திரம் கொண்டு பனிக்கட்டி தயாரிக்கத் தொடங்கினார்கள். கப்பல் வணிகம் நலிந்தது. ஐஸ் ஹவுஸ் கைமாறியது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கிய அக்கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில் உள்ளது. பேச்சு வழக்கில் அந்தப் பகுதி இன்னும் ஐஸ் ஹவுஸ்தான்.

கோட்பாடும் இயந்திரமும்

பனிக்கட்டிக் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில் ஆய்வாளர்கள் இயந்திரத்தால் குளிர் உண்டாக்க முயன்றுகொண்டிருந்தார்கள். 1834இல் ஜேக்கப் பெர்கின்ஸ், ஆவியாக்கி அழுத்தும் சுற்று முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் கடலோர ஊரான அபலாச்சிகோலாவில் மருத்துவர் ஜான் கோரி, காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க எண்ணி ஒரு பனிக்கட்டி இயந்திரம் செய்து 1851இல் காப்புரிமை பெற்றார். வானியலாளர் பியாஸி ஸ்மித் வெப்ப நாடுகளில் வீட்டு அறைகளைக் குளிர்விக்கும் முறை ஒன்றை அதே காலத்தில் முன்வைத்தார். 1852இல் வில்லியம் தாம்சன், அதாவது பின்னாளைய கெல்வின் பிரபு, காற்றை இயந்திரத்தால் கையாண்டு கட்டடங்களைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் முடியும் என்று கணக்கிட்டுக் காட்டினார். வெப்ப எக்கியின் கோட்பாட்டு வரலாறு இங்கிருந்து தொடங்குகிறது. குளிர் நாட்டுக் கருவி என்று நாம் நினைக்கும் இதன் தொடக்கத்திலேயே வெப்ப நாடுகளின் புழுக்கம் ஒரு காரணமாக இருந்திருக்கிறது.

1850களின் நடுவில் ஆஸ்திரியாவின் எபன்சே உப்பு ஆலையில் பீட்டர் ரிட்டிங்கர் உப்புநீரைக் காய்ச்ச இம்முறையைப் பயன்படுத்தினார். 1938இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர மன்றக் கட்டடம் ஆற்று நீரின் வெப்பத்தை எடுத்துச் சூடாக்கப்பட்டது. இதற்கிடையே 1902இல் அமெரிக்காவின் வில்லிஸ் கேரியர் ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் இயந்திரத்தை வடிவமைத்தார். இதுவே இன்றைய ஏ.சி.யின் முன்னோடி. சென்னைக்கு இச்செய்தி முக்கியம். நம் புழுக்கத்துக்கு வெப்பம் பாதிக் காரணம், ஈரம் மீதிக் காரணம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் அறைக்காற்றில் இருந்த ஈரம்தான்.

'டன்' என்ற சொல்

'ஒன்றரை டன் ஏ.சி.' என்கிறோம். அந்த இயந்திரத்தின் எடை ஒன்றரை டன் அல்ல. ஓர் அமெரிக்க டன், அதாவது 2,000 பவுண்டு அல்லது 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதுவே குளிரூட்டலில் ஒரு டன். இது சுமார் 3.5 கிலோவாட். ஒன்றரை டன் ஏ.சி. ஒரு நாள் முழுவதும் முழுத் திறனில் ஓடினால் 1,360 கிலோ பனிக்கட்டி செய்யும் வேலையைச் செய்கிறது. டஸ்கனி கப்பல் கொண்டுவந்து சேர்த்த 100 டன் குளிர்ச்சியை இரண்டு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஒரு படுக்கையறை ஏ.சி. தந்துவிடும். பனிக்கட்டி வணிகம் மறைந்துவிட்டாலும் அதன் அளவுகோல் நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

வீடுகளுக்கு வந்த ஏ.சி.

இந்தியாவில் 1943இல் புளூ ஸ்டாரும் 1954இல் வோல்டாஸும் தொடங்கப்பட்டன. பல ஆண்டுகள் ஏ.சி. என்பது பெரிய அலுவலகங்கள், விடுதிகள், திரையரங்குகள் ஆகியவற்றின் வசதியாகவே இருந்தது. 'குளிர்சாதன வசதி செய்யப்பட்டது' என்ற பலகையே ஒரு திரையரங்குக்கு விளம்பரமாக இருந்த காலம் அது. வீடுகளில் ஏ.சி. வைப்பது ஆடம்பரமாகக் கருதப்பட்டது.

1991க்குப் பிந்தைய பொருளாதார மாற்றங்களுக்குப் பின் நிலைமை மாறியது. 1960களில் ஜப்பானில் உருவான ஸ்பிளிட் வகை, சன்னலை அடைக்காமல் இரு பகுதிகளாகப் பொருத்த வசதியாக இருந்ததால் அடுக்குமாடி வீடுகளுக்கு ஏற்றதாயிற்று. 2003 மே 31 அன்று சென்னையில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது. இத்தகைய கோடைகள் ஏ.சி.யைத் தேவைப் பட்டியலில் சேர்த்துவிட்டன. 2006இல் வந்த நட்சத்திர முத்திரை 2010 முதல் அறை ஏ.சி.க்குக் கட்டாயமாயிற்று.

சன்னல் ஏ.சி.யிலிருந்து ஸ்பிளிட்டுக்கு மாறியதில் பலர் கவனிக்காத ஒரு மாற்றம் உண்டு. சன்னல் ஏ.சி.யின் குழாய்கள் தொழிற்சாலையிலேயே பற்றவைத்து மூடப்பட்டவை. வாங்கிவந்து சன்னலில் வைத்தால் போதும். ஸ்பிளிட் ஏ.சி.யின் சுற்று, மெக்கானிக் உங்கள் வீட்டில் இரு பகுதிகளையும் செம்புக் குழாயால் இணைக்கும்போதுதான் மூடப்படுகிறது. தொழிற்சாலையின் கடைசி வேலை வாடிக்கையாளர் வீட்டு மாடிக்கு இடம் பெயர்ந்துவிட்டது.

உப்புக் காற்று

கண்டன்சர் என்பது செம்புக் குழாய்களின் மேல் மெல்லிய அலுமினியத் தகடுகளை வரிசையாகக் கோத்த அமைப்பு. கடற்காற்றில் வரும் நுண்ணிய உப்பு அதன் மேல் படிகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்பு ஈரத்தில் இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு சிறு மின்கலம்போல் செயல்படும் என்பது பள்ளி வேதியியல். இதில் அலுமினியம் அரிபடுகிறது. தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிர்கின்றன. வெப்பம் வெளியேற வழியில்லாமல் கம்ப்ரசர் திணறுகிறது, மின்கட்டணம் ஏறுகிறது. சாந்தோம், பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம், திருவொற்றியூர் போன்ற கடலையொட்டிய பகுதிகளில் இது கூடுதல்.

இதற்கு ஒரே மருந்து என்று ஒன்று இல்லை. பூச்சிட்ட தகடுகள் கொண்ட கண்டன்சரை வாங்குதல், வெளிப்பகுதியைக் கடற்காற்று நேரே அறையாத பக்கத்தில் வைத்தல், துருப்பிடிக்காத எஃகுத் தாங்கியும் திருகும் பயன்படுத்துதல், நல்ல தண்ணீரால் அடிக்கடி மென்மையாகக் கழுவுதல் ஆகியவை சேர்ந்து ஆயுளை நீட்டிக்கும். போர்வெல் உப்புத் தண்ணீரால் கழுவினால் நோயையே மருந்தாகக் கொடுத்ததுபோல் ஆகும். 2015 டிசம்பர் வெள்ளமும் 2016 டிசம்பர் வர்தா புயலும் வேறு பாடங்களைத் தந்தன: தரையோடு வைத்தால் வெள்ளம், மாடியில் தளர்வாக வைத்தால் காற்று.

கேஸ் மாறிய கதை

தொடக்க காலத்துக் குளிர்பொருள்கள் நச்சுத்தன்மையோ தீப்பற்றும் தன்மையோ கொண்டவை. 1928இல் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் உருவாக்கிய குளோரோஃபுளோரோகார்பன்கள் பாதுகாப்பானவை என்று வரவேற்கப்பட்டன. 1974இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் இவை ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று எச்சரித்தார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது.

வீட்டு ஏ.சி.யில் நெடுங்காலம் இருந்த ஆர்-22 ஓசோனைக் குறைவாகவே பாதித்தாலும் புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 1,800 மடங்கு வலிமை கொண்டது. அதற்குப் பதிலாக வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் புவியைச் சூடாக்கும் மதிப்பு 2,000ஐத் தாண்டும். இன்று பரவலாக உள்ள ஆர்-32இன் மதிப்பு சுமார் 675. ஆர்-290 என்பது புரொப்பேன். மதிப்பு மிகக் குறைவு, ஆனால் எளிதில் தீப்பற்றும். ஆர்-32உம் ஓரளவு தீப்பற்றக்கூடியதே. 2016இல் கிகாலியில் எட்டப்பட்ட திருத்தம், புவியைச் சூடாக்கும் இவ்வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. இந்தியா 2021இல் அதை ஏற்றது.

ஒவ்வொரு மாற்றமும் உலக மாநாட்டில் முடிவாகிறது. அதன் சுமை, கையில் பழைய கருவிகளுடன் மொட்டைமாடியில் நிற்கும் மெக்கானிக்கின் தோளில் இறங்குகிறது.

நிறுவுதலும் பழுதும்

ஸ்பிளிட் ஏ.சி. பொருத்தும்போது குழாய்க்குள் உள்ள காற்றையும் ஈரத்தையும் வெற்றிட பம்பால் முழுவதும் வெளியேற்ற வேண்டும். இதற்கு நேரம் பிடிக்கும். அவசரத்தில் சிலர் வெளிப்பகுதியில் உள்ள கேஸைச் சிறிது திறந்துவிட்டு அதன் வேகத்தில் காற்றைத் தள்ளிவிடுகிறார்கள். ஈரம் உள்ளே தங்கி, நாளடைவில் கம்ப்ரசர் எண்ணெயைக் கெடுக்கிறது. கசிவைச் சோதிக்க நைட்ரஜன் பயன்படுத்த வேண்டும். அதற்குப் பதில் ஆக்சிஜன் செலுத்தினால் எண்ணெயுடன் சேர்ந்து வெடிக்கும், உயிர் போகும்.

'கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்ப வேண்டும்' என்பது நாம் அடிக்கடி கேட்பது. சுற்று மூடியது, கேஸ் தீராது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதே. வீட்டுக்காரருக்கு மறுகோடையில் மீண்டும் செலவு. வானத்துக்கு மீண்டும் ஒரு சுமை. எனவே மெக்கானிக்கிடம் 'எவ்வளவு ஆகும்' என்று கேட்பதற்கு முன் 'எங்கே கசிகிறது' என்று கேட்பது நல்லது.

எழுதப்படாத பக்கம்

ஐ.டி.ஐ.களில் குளிர்பதன, ஏ.சி. மெக்கானிக் பிரிவு இரண்டாண்டுப் படிப்பாக உள்ளது. ஆனால் இத்தொழிலில் இருப்போரில் பலர் கடையில் உதவியாளராகச் சேர்ந்து கற்றவர்கள். 2019 மார்ச்சில் வெளியான இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம், ஒரு லட்சம் பழுதுபார்ப்புத் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தர வேண்டும் என்று இலக்கு வைத்தது. ஓசோனையும் மின்சாரத்தையும் காப்பது இவர்கள் கையில் இருக்கிறது என்பதை அரசு ஏட்டில் ஒப்புக்கொண்ட தருணம் அது. எனினும் நான்காம் மாடிச் சுவரில் இடுப்புக் கயிறு இல்லாமல் தொங்கி வேலை செய்யும் காட்சி இன்னும் மறையவில்லை. கயிறு இல்லாமல் ஏற வேண்டாம் என்று சொல்லும் கடமை வேலை கொடுக்கும் வீட்டுக்காரருக்கும் உண்டு.

பனிக்கட்டி வணிகர்களின் வரலாறு எழுதப்பட்டுவிட்டது. நகரத்தைக் குளிர வைத்தவர்களின் வரலாறு இன்னும் அவர்கள் நினைவில்தான் இருக்கிறது. மாணவர்கள் தங்கள் தெருவில் உள்ள மூத்த மெக்கானிக் ஒருவரைச் சந்தித்து, முதலில் பழுதுபார்த்தது எந்த வகை, எந்தக் கேஸ், கடலோர வீடுகளில் கண்ட மாற்றம் என்ன, தொழிலை யாரிடம் கற்றார் என்று கேட்டு எழுதிவைக்கலாம். அந்தக் குறிப்புகள் சேர்ந்தால் இக்கட்டுரையின் அடுத்த பகுதியை அவற்றைக் கொண்டே எழுதலாம்.