'சன்டவுனர்' படகின் போர்ப்பணியும் மீட்டமைப்பும்

கடல்சார் வரலாற்று நூல்களை மொழிபெயர்ப்போர் 'யாட்' என்னும் சொல்லை 'உல்லாசப் படகு' எனப் பெயர்த்துவிட்டு மேலே செல்வது வழக்கம். வேட்டை, துரத்தல் என்னும் பொருளுடைய டச்சுச் சொல்லின் வழிவந்தது அது. விரைந்து துரத்தவல்ல கலங்களே முதற்கண் அப்பெயர் பெற்றன. கடற்படைக் கலமாகத் தோன்றி, உல்லாசக் கலமாகி, மீண்டும் போர்முனைக்குச் சென்ற 'சன்டவுனர்' என்னும் மோட்டார்ப் படகின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு இச்சொற்பிறப்பு ஓர் எச்சரிக்கையாகும்.

1912இல் பிரிட்டிஷ் கடற்படைக்கெனக் கட்டப்பட்ட நீராவித் துணைப்படகு இது. கழித்துவிடப்பட்ட அதன் மரக்கூட்டை 1929இல் சார்லஸ் லைட்டாலர் வாங்கி, 58 அடி நீள மோட்டார்ப் படகாக மாற்றினார். அதே 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் அலுவலர்களுள் உயிர் பிழைத்தோரில் மூத்தவர் இவரே. படகின் பெயர் ஆஸ்திரேலியரான அவருடைய மனைவி சில்வியா சூட்டியது. அந்நாட்டு வழக்கில் 'சன்டவுனர்' என்பது, வேலை முடிந்த அந்திப்பொழுதில் பண்ணைக்கு வந்து உணவும் இடமும் கேட்கும் நாடோடியைக் குறிக்கும். இதனைக் 'கதிரவன் மறைவு' எனப் பெயர்த்தால் அழகு தோன்றும், அங்கதம் மறையும்.

1939இல், போர் மூளுமுன், முதிய தம்பதியர் விடுமுறையில் உலாவுவது போன்ற தோற்றத்தில் லைட்டாலரும் மனைவியும் இப்படகில் ஜெர்மானியக் கடற்கரையை உளவு பார்த்தனர். 1940 மே இறுதியில், டன்கர்க் கரையில் சிக்கிய படையினரை மீட்கக் கடற்படை இதனைக் கேட்டது. ராம்ஸ்கேட்டில் ஒப்படைத்தால் கடற்படையினர் ஓட்டிச் செல்வர் என்பது ஏற்பாடு. 66 வயதான லைட்டாலர் அதற்கு இசையவில்லை. தாமே செல்வதாக அறிவித்தார். ஜூன் 1 அன்று மகன் ரோஜரும் கடல்சாரணர் ஜெரால்ட் ஆஷ்கிராஃப்டும் உடன் சென்றனர். வழியில் தீப்பற்றிய 'வெஸ்டர்லி' என்னும் படகின் குழுவினரையும் ஏற்றிக்கொண்டனர்.

அதுவரை 21 பேருக்கு மேல் ஏறியிராத படகு அன்று ஏறத்தாழ 130 பேரைச் சுமந்தது. அறையினுள்ளும் தளத்திலும் வீரர்களைப் படுக்கவைத்தே சமநிலை காக்க வேண்டியிருந்தது. விமானங்கள் பாய்ந்து வரும்போது இறுதிக் கணம்வரை பொறுத்துச் சுக்கானை முழுதும் திருப்பும் உத்தியை லைட்டாலர் கையாண்டார். விமானிகள் குறிவைக்கும் முறையை அவர் இளைய மகன் பிரையனிடமிருந்து அறிந்திருந்தார். விமானியான பிரையன் போரின் தொடக்க நாள்களிலேயே இறந்துபட்டவர். இச்செய்தியைத் துறைச்சொற்களால் மட்டும் கூறிச்செல்லும் நூல்கள் தகவல் தருகின்றன, தந்தையை மறந்துவிடுகின்றன.

மே 26 முதல் ஜூன் 4 வரை மீட்கப்பட்ட 3,38,226 பேரில் பெரும்பாலோரைக் கொணர்ந்தவை பெருங்கப்பல்களே. எனினும் நினைவில் நின்றவை சிறுகலங்கள். 1966இல் அவற்றின் உரிமையாளர்க்கெனச் சங்கம் ஒன்று அமைந்தது. லைட்டாலர் 1952இல் மறைந்தார். படகு பிற்காலத்தில் ராம்ஸ்கேட்டில் ஈஸ்ட் கென்ட் கடல்சார் அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்து மீட்டமைப்புப் பணிகளுக்கு உட்பட்டது.

இங்கேதான் சொற்சிக்கல் முதிர்கிறது. எந்த நிலைக்கு மீட்பது? 1912இன் நீராவிப் படகு லைட்டாலர் கையிலேயே உருமாறிவிட்டது. மக்கள் காண விழைவது 1940 ஜூன் 1இன் படகை. அந்நாளிலோ அது போருக்கெனச் சமைக்கப்பட்டதன்று, வேண்டாத பொருள்களைக் கரையிலிறக்கிவிட்டு அவசரமாகப் புறப்பட்ட உல்லாசப் படகேயாகும். நம் கடலோரத் தச்சர் ஏரா என்றும் வங்கு என்றும் வழங்கும் உறுப்புகள் மரக்கலத்தில் உளுக்கும்போது மாற்றப்பட்டாக வேண்டும். மாற்றாவிடின் கலம் மிதவாது. முழுதும் மாற்றிவிடின் அன்று சென்ற கலம் இதுவென்று சொல்லல் அரிது.

'புதுப்பித்தல்' என்னும் நம் வழக்குச்சொல் பழமையைப் போக்குவதையே முன்னிறுத்துகிறது. 'செப்பனிடுதல்' பழுது நீக்குதலோடு நின்றுவிடுகிறது. பழைய உருவைச் சான்றுகொண்டு திரும்பப் பெறுதலுக்கு 'மீட்டமைப்பு' என்பதே பொருந்துமென்பது என் கருத்து. படைவீரரைக் காத்ததற்கும் படகைக் காத்ததற்கும் 'மீட்பு' என்னும் ஒரே சொல் தமிழில் பயில்வதால், ஒரே பத்தியில் இரண்டும் வருமிடத்து, மனிதர்க்கு 'மீட்பு' எனவும் கலத்துக்கு 'மீட்டமைப்பு' எனவும் வேறுபடுத்தி எழுதுதல் நலம்.