நாட்பட்ட நோய்களில் ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பு

நாட்பட்ட நோய்களில் ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பு என்பது நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா முதலிய நீடித்த நோய்களை, நோயாளியின் இருப்பிடத்திற்கு அருகிலுள்ள மருத்துவர், செவிலியர், சுகாதாரப் பணியாளர் ஆகியோர் தொடர்ந்து கண்காணித்துக் கட்டுக்குள் வைத்திருக்கும் முறையாகும். இந்நோய்களுக்குப் பல ஆண்டுகள் மருந்தும் பரிசோதனையும் தேவைப்படுவதால், அருகாமையும் தொடர்ச்சியும் இன்றியமையாதன.

தேவை

உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் தொடக்கத்தில் பெரும்பாலும் அறிகுறிகளைக் காட்டுவதில்லை. பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியன ஏற்பட்ட பின்னரே பலர் தமக்கு நோய் இருப்பதை அறிகின்றனர். உயர் இரத்த அழுத்தம் உள்ளோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கே நோய் கண்டறியப்படுகிறது. அவர்களில் பாதிப்பேரே சிகிச்சை பெறுகின்றனர். அவர்களிலும் பாதிப்பேருக்கே அது கட்டுக்குள் உள்ளது என்பது 'பாதி விதி' எனப்படுகிறது. இவ்விதிப்படி எட்டுப் பேரில் ஒருவரே உரிய பயனை அடைகிறார். இது ஒரு தோராயமான கணிப்பே. இடத்திற்கு இடம் அளவு மாறுபடும்.

வரலாறு

வேல்ஸ் நாட்டின் கிளின்கோருக் என்னும் சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் (1927–2018), தம்மை நாடி வந்தோருக்கு மட்டுமன்றி ஊரிலுள்ள பெரியவர்கள் அனைவருக்கும் இரத்த அழுத்தம் பார்க்க முயன்றார். மருத்துவ வசதி மிகுதியாகத் தேவைப்படும் மக்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்னும் 'தலைகீழ்ப் பராமரிப்பு விதி'யை 1971இல் லான்செட் இதழில் எழுதினார். அவரது 25 ஆண்டுப் பணியின் முடிவுகள் 1991இல் வெளியாயின. அண்டைக் கிராமத்தைவிட அங்கு அகால மரணங்கள் குறைவாக இருந்தமை அவற்றில் தெரியவந்தது.

1978இல் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் அல்மா-அட்டா நகரில் (இன்றைய கசக்கஸ்தானின் அல்மாத்தி) நடைபெற்ற மாநாடு, அனைவருக்கும் ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பு தேவை என அறிவித்தது.

முக்கிய பணிகள்

* அறிகுறி தோன்றும் முன்னரே நோயைக் கண்டறிதல்
* மருந்து தடையின்றிக் கிடைக்கச் செய்தல்
* நீரிழிவு நோயாளிகளின் கண், பாதம், சிறுநீரகம் ஆகியவற்றைக் குறித்த காலத்தில் பரிசோதித்தல்
* உணவு, உடற்பயிற்சி, புகையிலையைக் கைவிடல் குறித்து அறிவுரை வழங்கல்
* தேவைப்படின் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பி, பின்னர் மீண்டும் கண்காணித்தல்

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு அரசு 2021 ஆகத்து 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. இதன்படி பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுகளுக்குச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரை அளவும் பார்த்து, நோயாளிகளுக்கு மருந்து வழங்குகின்றனர். நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறை மருத்துவமும் இதில் அடங்கும். கூலி வேலைக்குச் செல்வோர் மருந்து வாங்குவதற்காக ஒரு நாள் ஊதியத்தை இழக்கும் நிலையை இத்தகைய முறை குறைக்கிறது.

சிக்கல்கள்

உடல்நலம் தேறியதாகக் கருதி மருந்தை நிறுத்திவிடுவது பரவலாகக் காணப்படும் சிக்கலாகும். மருந்துத் தட்டுப்பாடு, பணியாளர் பற்றாக்குறை, முந்தைய பரிசோதனைக் குறிப்புகள் பேணப்படாமை ஆகியனவும் தொடர்ச்சியைக் குலைக்கின்றன. எனவே வராத நோயாளியைத் தேடிச் செல்வதும் இப்பராமரிப்பின் ஒரு பகுதியாகக் கருதப்படுகிறது.