ஞானப்பூ என்றொரு பெயர்



சில மாதங்களுக்கு முன் இளம் தம்பதியர் இருவர் குழந்தையின் திருமுழுக்குக்காக நம்மிடம் வந்தனர். படிவத்தில் பெயருக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது. "பாட்டி பேரு ஞானப்பூ, ஃபாதர். அதையே வைக்க ஆசைதான். ஆனா நம்ம டவுன்ஷிப்ல பல மாநிலத்துக்காரங்க இருக்காங்க. பள்ளிக்கூடத்துல 'கியானப்பூ'ன்னு கூப்பிடுவாங்களே" என்றார் தாய். "அப்படியானால் தெரசா என்று எழுதிவிடுவோம்" என்று நாமும் எளிதாகச் சொல்லிவிட்டோம். அவர்கள் போன பிறகுதான் மனம் உறுத்தியது.

ஏனெனில், அந்த இரண்டு பெயர்களையும் தாங்கிய ஒரு பெண் நம் திருச்சபை வரலாற்றில் இருக்கிறார். 1712இல் நட்டாலத்தில் பிறந்து திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர் நீலகண்டன். குளச்சல் போரில் 1741இல் பிடிபட்ட டச்சுத் தளபதி தெ லனாய் சொல்லக் கேட்ட யோபுவின் வரலாறு அவரைத் தொட்டது. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில், இயேசு சபைக் குரு புத்தாரி அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். இலாசர் என்ற எபிரேயப் பெயரின் பொருள் 'கடவுள் உதவினார்'. ஆகவே அவர் தேவசகாயம் ஆனார். அவருடைய மனைவி பார்கவியும் மனம் மாறித் தெரசா ஆனார். தமிழில் அவரை ஞானப்பூ என்று அழைத்தனர்.

ஏன் 'ஞான'? நம் முன்னோர் ஆன்மிகத்துக்குரிய எதையும் அந்தச் சொல்லால் குறித்தனர். ஞானஸ்நானம், ஞானப்பெற்றோர், ஞானோபதேசம் எல்லாம் அப்படி வந்தவையே. ஞானப்பூ என்பதை ஞானஸ்நானத் தண்ணீரில் மலர்ந்த பூ என்று நாம் பொருள் கொள்ளலாம்.

அந்தப் பூ மென்மையான காலத்தைக் காணவில்லை. 1749இல் கணவர் கைதானார். எருமை மீது ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தப்பட்டு, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஞானப்பூ வடக்கன்குளத்தில் தங்கி, 1766இல் இறக்கும்வரை விசுவாசத்தில் நிலைத்திருந்தார். 2022 மே 15 அன்று தேவசகாயத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக உயர்த்தினார். சாதி ஒட்டு இல்லாமல், தேவசகாயம் என்ற திருமுழுக்குப் பெயரே அன்று உரோமையில் ஒலித்தது. அந்தப் பெயர் எத்தனையோ குடும்பங்களில் தழைத்திருக்கிறது. ஞானப்பூவோ பாட்டிமார்களோடு நின்றுவிட்டது.

சரி, உச்சரிப்புக்கு வருவோம். மஞ்சள், நெஞ்சு என்று சொல்லும்போது நம் நாவில் ஞகரம் இயல்பாக வருகிறது. அதுவே சொல்லின் முதலில் வந்தால் தடுமாறுகிறோம். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்கு வரும் நம்மில் எத்தனை பேர் 'நாயித்துக்கிழமை' என்கிறோம்! இந்திக்காரர் 'கியான்' என்பதும் நம்முடைய ஞானமும் ஒரே வடசொல்லின் இரு வடிவங்கள். எனவே 'கியானப்பூ' என்று ஓர் ஆசிரியை அழைத்தால் அது கேலி அல்ல. தம் மொழியில் அதே பெயரைத்தான் சொல்கிறார். நாமும் சேவியரைச் சவேரியார் ஆக்கியவர்கள்தாமே!

நீதித்தலைவர்கள் நூல் 12ஆம் அதிகாரத்தில், 'சிபோலேத்து' என்ற ஒரு சொல்லைச் சரியாக உச்சரிக்காததற்காக யோர்தான் துறைகளில் எப்ராயிமியர் வெட்டப்பட்டனர். உச்சரிப்பை வைத்து மனிதரைப் பிரிப்பது அவ்வளவு பழைய பாவம். ஆனால், பிறர் நாவுக்கு அஞ்சி நம் பெயரையே மறைப்பதும் இழப்புதான். உயிர்த்த ஆண்டவரைத் தோட்டக்காரர் என்று எண்ணிய மகதலா மரியா, தம் பெயர் சொல்லி அழைத்தபோதுதான் அவரைக் கண்டுகொண்டார். நல்ல ஆயர் ஆடுகளைப் பெயர் சொல்லியே அழைக்கிறார்.

மறுநாள் அந்தத் தம்பதியரை அழைத்து, நாம் அவசரப்பட்டுச் சொன்னதற்கு வருத்தம் தெரிவித்து, இந்த வரலாற்றைச் சொன்னோம். முடிவை அவர்களிடமே விட்டோம். திருமுழுக்கு நாளில், "குழந்தைக்கு என்ன பெயர் இட்டிருக்கிறீர்கள்?" என்று சடங்கின்படி கேட்டோம். பெற்றோர் வாய் திறக்குமுன், பின்வரிசையில் இருந்து பாட்டியின் குரல் வந்தது: "ஞானப்பூ."

அன்புக்குரியவர்களே, இன்று வீட்டில் உங்கள் பெயரின் வரலாற்றைப் பெரியவர்களிடம் கேளுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். யார் எப்படி அழைத்தாலும், ஆண்டவர் அறிந்த பெயர் அது. ஆமென்.